புளியங்குப்பம் கூட்ரோட்டுக்கு நாங்கள் போட்ட மார்க்

போன மாதம் பாலிடெக்னிக் ஜூனியர்கள் நாலு பேர் என் டியூஷன் சென்டருக்கு வந்தார்கள். அவர்கள் சிவில் துறையின் ஆண்டு மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை வேண்டுமாம். "ரிட்டயர்டு ஆனவங்க எழுதுற பகுதிக்குக்கா" என்று ஒருவன் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்கு முப்பத்து மூன்று வயது. ஆனாலும் அவன் சொன்னதில் தப்பில்லை. நெடுஞ்சாலையில் நின்று வண்டி எண்ணும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றாயிற்று. அந்த வேலையும் கிட்டத்தட்ட என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது.

"இப்ப போன்ல மேப்பைத் தொறந்தாலே ரோடு செவப்பா பச்சையான்னு தெரிஞ்சுடுது. நீங்கல்லாம் வெயில்ல நின்னு இன்னாக்கா பண்ணீங்க?" என்று கேட்டாள் அவர்களில் ஒருத்தி.

நல்ல கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் மாலை வகுப்புப் பிள்ளைகள் வந்து பெஞ்சை நிரப்பிவிட்டார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன். ஏன் விட்டேன் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆனால் என்ன செய்தோம் என்று ஒழுங்காகச் சொன்னால் அதுவும் தானாக வந்துவிடும்.

படிப்புக் கதை சின்னது. டிப்ளமோ சிவில், அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே பி.இ. ஆம்பூரில் ஒரு ஆலோசனை நிறுவனம் கள அலுவலகம் வைத்திருந்தது. மாடியில் நாங்கள், கீழே ஷூவுக்கு சோல் விற்கும் கடை. கோந்து வாசனை படியேறி எங்கள் ஃபைலுக்குள் புகுந்துகொள்ளும். சென்னை–பெங்களூர் சாலையில் எங்கள் பக்கத்து நீளத்துக்கு சேவைத் தரம் பார்ப்பதுதான் வேலை. சேவை என்றால் சாலை வண்டிக்குச் செய்யும் சேவை. பள்ளிக்கூடம் மாதிரி அதற்கும் மார்க் உண்டு. ஏ என்றால் சாலை காலி, நினைத்த வேகத்தில் போகலாம். பி, சி, டி என்று இறங்க இறங்க நெருக்கடி. இ என்றால் மூச்சு முட்டுகிறது. எஃப் என்றால் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி டீ குடிக்கிறார்.

எங்கள் மேலதிகாரி இம்தியாஸ் சார் ஆம்பூர்க்காரர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு பட்டன் போட்டேதான் இருப்பார். அவருடைய ஸ்டாப்வாட்ச் ஒரு கறுப்பு ஷூ லேஸில் கழுத்தில் தொங்கும். தம்பி வேலை செய்யும் கம்பெனியில் கழித்துப்போட்ட லேஸ் அது. கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கழுத்திலிருந்து வாட்சைக் கழற்றி நம் கையில் கொடுத்துவிட்டு, "நீயே புடிம்மா, நீதான் என்ன விட நல்லா பாக்குறியே" என்று நாலடி தள்ளிப்போய் நின்றுகொள்வார். அதைவிட நாலு திட்டு வாங்கிக்கொள்ளலாம். சாயங்காலம் நாங்கள் எண்ணியதை உரக்கப் படிக்கச் சொல்வார். ஏதாவது ஒரு வரியில் குரல் தயங்கினால் அடுத்த நாள் அந்த நேரத்துக்கு மறுபடி எண்ண வேண்டும். ஏனென்று கேட்டால் ஒரே பதில்தான்: "பார்த்ததை எழுது. நெனச்சதை வூட்ல வெச்சுக்கோ."

நான் நிறைய நினைக்கிற ஆள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லாரிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்து எந்த மாநிலம், என்ன சரக்கு என்று ஓரத்தில் குறிப்பு எழுதுவேன். பச்சைத் தோல் ஏற்றிய லாரி என்றால் பார்க்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டே வாடையை வைத்துச் சொல்லலாம். சார் அந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, "பிரமாதம். கதை எழுதப் போலாமே, இங்க ஏன் வந்த?" என்றார். அதற்குப் பிறகு ஓரத்தில் எழுதுவதை விட்டேன்.

எண்ணுவதற்கு ஒரு கணக்கு உண்டு. எல்லாவற்றையும் காராக மாற்றிவிட வேண்டும். பைக் அரைக் கார். லாரி மூன்று கார். பஸ்ஸும் மூன்று கார். எங்கள் பக்கத்தில் பஸ் என்றால் பெரும்பாலும் கம்பெனி பஸ்தான், கழுத்தில் அடையாள அட்டையும் மடியில் சாப்பாட்டுப் பையுமாக ஷூ கம்பெனிப் பெண்களை அடைத்துக்கொண்டு போகும். உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் மூன்று கார்தான். அந்தப் பெண்கள் இறங்கி நடந்தால் அவர்களுக்கு எண் கிடையாது. எந்தப் புத்தகத்திலும் ஒரு மனுஷி எத்தனை கார் என்று போடவில்லை.

அப்படி நடக்கிறவர்களில் ஒருவர் என் அண்ணி சத்யா. எங்கள் ஊர் புளியங்குப்பம், மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், சாலைக்கு வடக்குப் பக்கம். ஆம்பூர் போகும் பஸ் தெற்குப் பாதையில் வரும். சாயங்காலம் கவலையில்லை, பஸ் ஊர்ப் பக்கமே இறக்கிவிடும். காலையில்தான் சாலையைத் தாண்டியாக வேண்டும். கூட்ரோட்டில் சாலை நடுத்திட்டில் விட்டிருந்த இடைவெளி வழியாக ஊர்ப் பெண்கள் எல்லோரும் தாண்டுவார்கள். அதே இடைவெளியில்தான் டிராக்டரும் பைக்கும் திரும்பும், கம்பெனி பஸ்களும் அங்கேதான் பாதையை அடைத்து நிற்கும். அண்ணிக்கு வேலை ஷூவின் மேல்தோல் தைப்பது. வருஷக்கணக்காக பெடல் மிதித்து முட்டி இரண்டும் போய்விட்டது. ஓட முடியாது. கூட்டத்தோடு சேர்ந்து, பக்கத்தில் இருப்பவளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தாண்டுவார்.

அந்தக் கூட்ரோட்டுக்கு ஒரு சுரங்கப்பாதை வேண்டுமென்று ஊர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சாலை அங்கே எவ்வளவு மோசம் என்று அளந்து சொல்லும் பொறுப்பு எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. மோசம் என்று வந்தால் சுரங்கப்பாதை பேச்சு மேலே போகும். இல்லையென்றால் ஃபைல் மூடப்படும். இதை அண்ணியிடம் சொன்னது நான்தான். மறுநாள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"எங்க நாத்தனா சுரங்கம் கொண்டாரப் போறா" என்று அண்ணி சொல்ல, தையல் மிஷின் சிநேகிதிகள், "வந்தா அவ பேரையே வெச்சுடலாம், ஆனா உள்ள லைட்டு போடச் சொல்லு, இருட்டுல நீ இன்னும் மெதுவா நடப்ப" என்றார்களாம்.

காலை நேரம் முழுக்க ஒரு வாரம் எண்ணினோம். கணக்கு மெட்ராஸ் அலுவலகத்துக்குப் போனது. அங்கே கம்ப்யூட்டரில் போட்டு மார்க் வந்தது. பி.

நான் சிரித்துவிட்டேன். அந்த இடத்தில் ஹாரன் சத்தத்தில் நானும் என்னோடு எண்ணும் பையனும் ஜாடையில்தான் பேசிக்கொள்வோம். அதற்கு பி. மெட்ராஸுக்குப் போன் போட்டேன்.

"மேடம், நீங்க அனுப்பின நம்பர்தான்" என்றார் அங்கிருந்த இளைஞர், மரியாதையாகவே. "மணிக்கு வர்ற வண்டி கம்மியா இருக்கு. கம்மின்னா ரோடு ஃப்ரீ. சிஸ்டம் பி காட்டுது."

நம்பர் சரிதான். எண்ணியதில் பிழை இல்லை. அவர் போட்ட கணக்கிலும் பிழை இல்லை. இங்கே ஜூனியர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும், இது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கதவில் முட்டி நிற்கும்போது உள்ளே நுழைகிறவர்கள் கம்மி. கடை காற்றாடும் மூன்று மணிக்கும் நுழைகிறவர்கள் கம்மி. வாசலில் நின்று தலையை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்றுதான். எங்கள் கூட்ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை, அதனால் எங்களைத் தாண்டிப் போனவை கம்மி. காட்பாடி ஜங்ஷன் வரைக்கும் கேட்கும்படி ஹாரன் அடித்துக்கொண்டு நின்ற வரிசையை, சாலை காலி என்று கம்ப்யூட்டர் படித்தது.

இம்தியாஸ் சார் தாளை வாங்கிப் பார்த்தார். "போகாத வண்டிய நாம எண்ணலியே" என்றார். "வேகமும் சேர்த்துக் கொடுத்தாத்தான் புரியும். ஓட்டம் வெச்சுக்கலாம்."

ஓட்டம் என்பது நாங்களே ஒரு காரில் அந்த நெரிசலுக்குள் போவது. இதற்கும் முறை இருக்கிறது. நம் கார் சாலையில் மிதக்கிற கட்டை மாதிரி போக வேண்டும், அவசரமும் கூடாது, சோம்பலும் கூடாது. எத்தனை பேர் நம்மை முந்துகிறார்களோ அத்தனை பேரை நாம் முந்த வேண்டும். முன்சீட்டில் சார் வாட்சோடு உட்கார்ந்து ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும் நேரம் சொல்வார். பின்சீட்டில் நான் எழுதுவேன். கார் நின்றாலோ, நடை வேகத்துக்கு இறங்கினாலோ எங்கே, எவ்வளவு நேரம், என்ன காரணம் என்று எழுத வேண்டும். காரணத்துக்குத் தனிக் கட்டம். பஸ் நின்றது, வண்டி திரும்பியது, ஆட்கள் தாண்டினார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலைப்பு: பக்க இடையூறு. ஒரு கல்லுக்கு நேரம் விட்டுப்போனாலும் அந்த ஓட்டம் செல்லாது, முதலிலிருந்து போக வேண்டும்.

டிரைவர் பாபு அண்ணனுக்கு இந்த முறை பிடித்துப்போய்விட்டது. "ஒருத்தன் முந்துனா நாம ஒருத்தன முந்தணும். மொய் வெக்கிற மாதிரி" என்றார்.

"மொய்யில ஜாஸ்தியா திருப்பி வெக்கலாம். இங்க கூடாது" என்றார் சார், சிரிக்காமல்.

அன்றைக்கு மாதனூர் தாண்டியதுமே நின்றுவிட்டோம். ஊர்ந்தோம், நின்றோம். கூட்ரோட்டுக்கு வந்தபோது பாபு அண்ணன் எஞ்சினை அணைத்தார். எழுதி எழுதி எனக்குக் கை வலித்தது. உள்ளுக்குள் ஒரே குஷி, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அப்போது ஜன்னலைத் தட்டும் சத்தம். அண்ணி. நிற்கிற லாரிகளுக்கு நடுவே, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நிதானமாக நடந்து வந்திருக்கிறார்.

"இன்னா நாத்தனாரே, ரோடு பாஸா ஃபெயிலா?"

"ஃபெயில் அண்ணி. சுத்தமா ஃபெயில்."

"அப்ப சுரங்கம் வந்துச்சு." சாருக்கு ஒரு வணக்கம் வைத்தார். "ஜாம் ஆனா எங்களுக்கு ஒண்ணும் பேஜார் இல்ல சார். வண்டி நிக்குது, நாங்க பாட்டுக்குப் போய்டுவோம். ஜாம் இல்லாத நாள்லதான் உசுரு கையில."

சார் தலையாட்டினார். நான் காரணக் கட்டத்தில் 'ஆட்கள் தாண்டினார்கள்' என்று எழுதினேன். பார்த்தது அதுதான்.

வேகத்தையும் சேர்த்து அனுப்பினோம். மெட்ராஸ் இளைஞரே போன் செய்தார். "மாத்தியாச்சு மேடம். எஃப். நல்லவேளை சொன்னீங்க." மறுநாள் இம்தியாஸ் சார் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். ஏன் என்று சொல்லவில்லை. அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. இரண்டை அண்ணிக்கு எடுத்துப்போனேன். பஸ்ஸில் அதைப் பிட்டுப் பிட்டுப் பதினைந்து பேர் தின்றார்களாம்.

நெடுஞ்சாலை அதிகாரிகள் முடிவெடுக்கும் கூட்டத்துக்கு சாரோடு நானும் போனேன். ஏசி அறை, நீள மேஜை. எங்கள் அறிக்கையை யாரும் சந்தேகப்படவில்லை, ரொம்ப நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். தாமதத்துக்கான காரணங்களை நாங்கள் கூட்டிப் போட்டிருந்த பக்கத்தைத் திரையில் காட்டினார்கள். தாமதத்தில் முக்கால்வாசி அந்த இடைவெளியால்தான். வண்டிகள் திரும்புகின்றன, பஸ் நிற்கிறது, ஆட்கள் தாண்டுகிறார்கள். சுரங்கப்பாதை பெரிய செலவு, அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கலாம். எஃப் என்று வந்த பிறகு சும்மா இருக்க முடியாது, உடனடியாகச் செய்யக்கூடியதைச் செய்துவிடலாம். இடைவெளியை மூடிவிடலாம்.

இம்தியாஸ் சார் கையைத் தூக்கினார். "ஜனங்க தாண்டறாங்களே சார்."

"அடுத்த ஊர்ல ஏற்கெனவே பாலத்துக்கடியில வழி இருக்கே" என்றார் தலைமையில் இருந்தவர். முரட்டுத்தனமாக இல்லை, பொறுமையாகத்தான் விளக்கினார். "நடுரோட்ல தாண்டறத நாமளே அனுமதிக்கறது சரியில்லீங்களே. அவங்க பாதுகாப்புக்கும் இதுதான் நல்லது."

அடுத்த ஊர் வழிக்கு நடந்துபோய், மறுபக்கமாக நடந்து திரும்பி வந்தால் பஸ் போயிருக்கும். நான் வாயைத் திறந்தேன். முட்டி, பஸ் நேரம், ஊர்ப் பெண்கள் என்று பேசினேன், வேகமாகத்தான் பேசினேன். எல்லோரும் கேட்டார்கள். ஒருவர் குறித்துக்கூடக் கொண்டார். அப்புறம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். சார் மணிக்கட்டு பட்டனைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது நான் காரில் பொருமிக்கொண்டே வந்தேன். யார் தப்பு செய்தார்கள் என்று தேடினேன். எண்ணியது சரி. பி என்பது தவறு, அதைத் திருத்தியதும் சரி. எஃப் என்பது உண்மை. இன்றைக்குச் செய்யச் சொன்னாலும் அதைத்தான் செய்வேன். தப்பு செய்த ஆள் ஒருவர் கிடைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கிரேன் வந்து சிமெண்ட் தடுப்புகளை வரிசையாக இறக்கியது. இடுப்புக்கு மேல் உயரம். பஸ்ஸில் சிநேகிதிகள் அண்ணியைப் பிடித்துக்கொண்டார்கள். "சுரங்கம் கேட்டோம், செவுரு வந்துச்சு. இதுக்கு வெக்கலாமா உன் நாத்தனா பேர?" அண்ணி இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அந்தத் தடுப்பு இன்றும் இருக்கிறது. சுரங்கப்பாதை இன்றும் அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது.

மூடிய பிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்க இன்னொரு ஓட்டம் போக வேண்டும். அதுதான் நான் போன கடைசி ஓட்டம். அதே கார், அதே காலை நேரம். மாதனூர் தாண்டியும் நிற்கவில்லை. பாபு அண்ணன் மொய்க் கணக்கை மறந்து சும்மா ஓட்டிக்கொண்டிருந்தார், முந்துவதற்கும் அவசியமில்லாமல் எல்லா வண்டியும் ஒரே வேகத்தில் போயின. சாலை அவ்வளவு அழகாக ஓடியது.

கூட்ரோடு வந்தது. தெற்குப் பக்கம் கம்பெனி பஸ் காத்திருந்தது, இப்போது பாதையை விட்டு ஓரமாக. தடுப்பின் மேல் பெண்கள். பாதிப்பேர் வடக்குப் பாதையைத் தாண்டி வந்து ஏறியிருந்தார்கள், மீதிப்பேர் ஊர்ப் பக்க ஓரத்தில் வண்டி குறையட்டும் என்று நின்றிருந்தார்கள். ஏறியவர்கள் சாப்பாட்டுப் பைகளை ஒருவருக்கொருவர் கை மாற்றினார்கள். அண்ணி தடுப்பின் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். புடவை முழங்கால் வரை ஏறியிருந்தது. ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் வரும் வண்டிகளில் ஒரு இடைவெளி தேடிக்கொண்டிருந்தார். எங்கள் காரும் அதில் ஒன்று. அவர் என்னைப் பார்த்திருக்க முடியாது. அந்த வேகத்தில் யார் முகமும் தெரியாது.

"சார்."

"ம்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எழுதணுமே சார்."

"நின்னமா?"

"இல்ல."

"ஸ்லோ ஆனமா?"

"பாபு அண்ணா பிரேக்கே தொடல."

சார் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப எந்தக் கட்டத்துல எழுதுவ?" மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். என்னிடம் பதில் இருந்தால் அதை எழுதவிட்டிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான் பேனாவை வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தேன். காரணக் கட்டம் காலியாக இருந்தது. வண்டி நின்றால்தான் அதில் எழுதலாம்.

கிலோமீட்டர் கல் ஒன்று பின்னால் போனது. சார் நேரம் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் விட்ட ஒரே கல் அது.

"சார், கல்லு" என்றார் பாபு அண்ணன் மெல்ல.

"ஆமா. விட்டுட்டேன். செல்லாது, திருப்பு."

சுற்றிக்கொண்டு மாதனூருக்குப் போய் முதலிலிருந்து வந்தோம். இந்த முறை கூட்ரோட்டில் யாரும் இல்லை. பஸ் போயிருந்தது. தடுப்பின் மேல் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடி மட்டும் கிடந்து மின்னியது. சார் ஒரு கல்லையும் விடாமல் நேரம் சொன்னார், நான் எழுதினேன். சுத்தமான ஓட்டம். மார்க் சி. எங்கள் அலுவலகத்துக்கு அந்த வருஷம் கிடைத்த நல்ல பெயர் அதனால்தான். அந்த வாரமே நான் வேலையை விட்டேன். சார் காரணம் கேட்கவில்லை.

அந்தக் கடைசி ஓட்டம் முடிந்த சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணி கீழே உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கெண்டைக்காலில் சிமெண்ட் உரசிய சிராய்ப்பு நீளமாகச் சிவந்திருந்தது.

"இன்னா நாத்தனாரே, ரோடு பாஸா ஃபெயிலா?" குரலில் குத்தல் எதுவும் இல்லை. பழக்கமாகிவிட்ட கேள்வி.

"பாஸ் அண்ணி."

"ஆவட்டும்" என்றார் அண்ணி. "எண்ணெய்ய இப்படித் தள்ளு, இன்னொரு முட்டி இருக்குது."